ஷுட்டுக்குப் பின்னால் 'டூ' வராது

செவ்வாய்க்கிழமை. கிரிம்ஸ்பி நூலக மாடி.
ரேடியேட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடும்.
அந்தப் பக்கத்து நாற்காலிகளுக்குத்தான் போட்டி.
மீன் ஆலையிலிருந்து நேரே வரும் டைவா
எலுமிச்சை தேய்த்துக் கழுவியும் போகாத வாசனையோடு
முதல் வரிசையில்.

பலகையில் எழுதினேன்: ஷுட்.
அறிவுரைக்கு உரிய துணைவினை.
மஸ்ட் போலக் கழுத்தைப் பிடிக்காது.
தோளில் கை வைக்கும், உடனே எடுத்துவிடும்.
இந்த ஊரில் அறிவுரையே அப்படித்தான்:
மழையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்வோம்,
கேட்கவில்லையென்றால்
மழைதானே என்று விட்டுவிடுவோம்.

ஒரே ஒரு விதி, என்றேன்.
ஷுட்டுக்குப் பின்னால் 'டூ' வராது.
வினைச்சொல் வெறுங்காலோடு வரணும்.
ரெப்வார், சலூன்காரன், நோட்டில் எழுதிக்கொண்டான்;
அடுத்த நிமிடமே 'டூ' போட்டுப் பேசினான்.

பயிற்சி. எனக்கொரு பிரச்சினை, வழி சொல்லுங்கள்.
புத்தகத்தில் இருந்தது பல்வலி.
இருபது வருஷமாக அதே பல்.
அலுப்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
என் தம்பியோடு பேசிப் பதினோரு வருஷம்.

வகுப்பு கொஞ்ச நேரம் சொல் தேடியது.

போன் பண்ணணும், என்றாள் டைவா.
சரி. பச்சை மார்க்கரில் ஒரு டிக்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் ஸ்த்ராவ்கா
எழுந்து நின்றே சொன்னாள்:
போன் வேண்டாம். நேரில் போகணும். பசியோடு போகணும்.
சாப்பாடு போட்டுவிட்டுச் சண்டை போடுவது கஷ்டம்.
அதற்கும் டிக்.
முதலில் முடி வெட்டிக்கணும், என்றான் ரெப்வார்.
சிரிப்பு. இந்த முறை 'டூ' இல்லை.
இரண்டு டிக்.

டெஸ்ஃபாலெம் வாய் திறப்பதே அபூர்வம்.
யார் யாருக்குப் பணம் தரணும்? என்று கேட்டான்.
பணம் என்று நான் சொல்லவே இல்லை.
இது அறிவுரை இல்லையே, கேள்வி, என்றேன்.
ஆமாம், என்று தலையாட்டினான்.
பதிலுக்குக் காத்திருந்தான்.

எப்போதோ கல்லூரியில் படித்தது
அந்த நேரம் பார்த்தா நினைவுக்கு வரும்?
இந்தச் சொல்லின் வேர், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்,
யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை.
கடன்பட்டிருக்கிறேன் என்று சொன்னது.

அப்பாவின் கேரவனை விற்றதில்
நெவிலின் பங்கு எண்ணூற்று நாற்பது பவுண்டு.
சமையலறை இழுப்பறையில், உறைக்குள், கொஞ்ச நாள் இருந்தது.
அப்புறம் பாய்லர் பழுதானது.

நான்தான் தரணும், என்றேன்.
ஷுட் போட்டுத்தான் சொன்னேன்.
இலக்கணப்படி பிழை இல்லாத வாக்கியம்.
டைவா மெல்லக் கை தூக்கினாள்:
சார், இந்த இடத்தில் மஸ்ட்.

மார்க்கரை மூடினேன்.
அடுத்த வாரம் 'ஷுட் ஹேவ்',
செய்திருக்க வேண்டியவை, செய்யாமல் விட்டவை.
நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கலைந்தார்கள்.
இடைவேளைக்குக் கொண்டுவந்த சீஸ் ரொட்டியில் மிச்சத்தை
டப்பாவோடு மேசையில் வைத்தாள் ஸ்த்ராவ்கா.
உங்களுக்கில்லை, என்றாள். வெறுங்கையோடா போவீங்க?

ஒன்பது மணி பஸ்ஸை விட்டேன்.
நிறுத்தத்தில் உப்புக்காற்று, உதிரியாய் மழை.
ஹல்லுக்குப் போக ஆற்றோரமாய்ச் சுற்றிப்
பாலம் ஏறணும்.
போனில் நெவிலின் எண் அப்படியே இருக்கிறது.
மாறியிருக்கலாம்.
'லாம்' நல்ல இடம், ஒளிந்துகொள்ள.

ஷுட்டுக்கும் வினைக்கும் நடுவே
எதுவும் நிற்கக் கூடாதென்று
எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன்.

பத்து மணிக்குத்தான் அவன் படுப்பான், அந்தக் காலத்தில்.
எனக்கோ நல்ல பசி.
டப்பாவைத் திறக்கவில்லை.